காரணமில்லாமல் விழும் பழைய 32-பிட் பெட்டி: அறிகுறியைப் பார்த்து கெர்னல் ஸ்டாக்கைச் சோதிக்கும் வழி

பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் பழைய லினக்ஸ் கணினிப் பெட்டி, இரவு பேக்கப் தொடங்கியதும் விழும். ராமை மாற்றினாலும் விழும், எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளை) மாற்றினாலும் விழும். ஒரு பட்டறையில் உரிமையாளர் என்னிடம், "தம்பி, ராமை ரெண்டு தடவை மாத்தியாச்சு, இனி போர்டுதான்" என்று சொல்லி, பழைய போர்டு ஒன்றுக்கு முன்பணமும் கொடுத்திருந்தார். அந்தப் பெட்டியில் ஒரு வன்பொருள் கோளாறும் இல்லை. கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, மாற்றியதும் விழுவது நின்றுவிட்டது. இதே மாதிரி பல பெட்டிகளைப் பார்த்த பிறகுதான் இந்த வரிசையை எழுதி வைத்தேன்.

தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) கெர்னலுக்குள் தனியாக ஒரு ஸ்டாக் உண்டு, அதாவது ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைக்கும்போது தற்காலிக விவரங்களை அடுக்கி வைக்கும் சிறு நினைவகம். 32-பிட் எக்ஸ்86-இல் அது 8192 பைட். 2004 முதல் 2010 வரை வந்த சில கெர்னல்களில் வெறும் 4096 பைட். தேவை கூடினாலும் அது வளராது. நிரம்பி வழிந்தால் தடுக்கிற காவல் பக்கமும் இந்தக் கெர்னல்களில் இல்லை. முதலில் அதே த்ரெட்டின் விவரக்குறிப்பு அழியும், பிறகு பக்கத்தில் இருக்கும் யாருடைய நினைவகமோ அழியும்.

அதனால் ராம் கோளாறையும் ஸ்டாக் கோளாறையும் பிரிக்க நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: என்ன வேலை செய்யும்போது விழுகிறது? ராம் கெட்டிருந்தால் எந்த வேலையிலும் விழும். ஸ்டாக் வழிந்தால் பிழை காட்டும் இடம் ஒவ்வொரு தடவையும் மாறும், ஆனால் விழ வைக்கும் வேலை மாறாது.

தொடங்கும் முன்: கடைசிச் செய்தியைப் பிடியுங்கள்

வரைகலைத் திரையில் உட்கார்ந்தபடி பெட்டியை விழ வைத்தால் ஒன்றும் கிடைக்காது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்1 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய்விடுங்கள். பூட் வரியில் (தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்புகள்) கன்சோல்பிளாங்க் மதிப்பை 0 ஆக்கினால் திரை தானாக அணையாது. கெர்னல் பேனிக் மதிப்பையும் 0 ஆக்குங்கள், இல்லையென்றால் நீங்கள் படிப்பதற்குள் பெட்டி ரீபூட் ஆகிவிடும். செய்தி வந்ததும் போனில் படம் எடுங்கள்.

செய்தி திரைக்கு மேலே ஓடிவிடுகிறதா? கெர்னல் செய்திகளை நெட்வொர்க்கில் அனுப்பும் நெட்கன்சோல் மாட்யூலை ஏற்றி, பக்கத்துக் கணினியில் யூடிபி 6666 போர்ட்டில் கேட்க வையுங்கள். நெட்வொர்க் டிரைவர் மீதே சந்தேகம் என்றால் சீரியல் கேபிள்தான் வழி. பழைய போர்டுகளில் சீரியல் போர்ட் இருப்பது இந்த நேரத்தில் பெரிய உதவி.

அப்புறம், டேட்டாவுக்கு பேக்கப் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வழிந்த ஸ்டாக் டிஸ்க்குக்குப் போக வேண்டிய பக்கத்தைக் கெடுத்திருந்தால், கெட்டதுதான் டிஸ்க்கிலும் எழுதப்பட்டிருக்கும்.

அறிகுறி: பதிவிலேயே ஸ்டாக் பற்றிச் செய்தி வருகிறது

*"யூஸ்டு கிரேட்டஸ்ட் ஸ்டாக் டெப்த்" என்று வந்தால்* பயப்பட வேண்டாம். அது பிழை இல்லை. ஸ்டாக் பயன்பாட்டை அளக்கும் விருப்பத்தோடு கட்டிய கெர்னல், இதுவரை இல்லாத அளவு ஆழமாகப் போன புரோசஸ் முடியும்போது மீதி எத்தனை பைட் என்று சொல்கிறது. பூட் ஆகும்போது நாலைந்து வரி வருவது வழக்கம். மீதி 3000, 4000 என்றால் விட்டுவிடலாம். சில நூறுக்கு இறங்கினால் கீழே உள்ள நகல் சோதனைக்குப் போங்கள்.

*"டூ-ஐஆர்கியூ: ஸ்டாக் ஓவர்ஃப்ளோ" என்று வந்து பின்னால் ஓர் எண் இருந்தால்* அந்த எண் மீதமுள்ள பைட். 8192 பைட் ஸ்டாக்கில் மீதி 1024-க்குக் கீழே போனால் இந்த எச்சரிக்கை வரும், 4096-இல் 512-க்குக் கீழே. ஒரு இன்டரப்ட் (ஏதோ ஒரு சாதனம் சிபியுவைக் கூப்பிடும் அழைப்பு) வரும் அந்தக் கணத்தில் மட்டும்தான் கெர்னல் இதைப் பார்க்கிறது. ஒரு தடவைதான் வந்தது என்று ஒதுக்கிவிடக் கூடாது. அகப்பட்டது ஒரு தடவை, அவ்வளவுதான்.

அதன் கீழே வரும் கால் டிரேஸை (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) அடியிலிருந்து மேலே படியுங்கள். என்.எஃப்.எஸ். (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) பெயர்கள், அவற்றின் மேல் எக்ஸ்.எஃப்.எஸ். (ஃபைல் சிஸ்டம்), அதற்கும் மேல் டிவைஸ் மேப்பர் (எல்.வி.எம். அடுக்கு), பிறகு எம்.டி. (மென்பொருள் ரெய்டு), கடைசியில் ஸ்கஸி (டிஸ்க் டிரைவர்) என்று அடுக்காக இருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது: ஒவ்வோர் அடுக்கும் அதே ஸ்டாக்கில் இடம் பிடிக்கிறது.

அறிகுறி: பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது உறைகிறது, செய்தி ஒன்றும் இல்லை

எனக்கு அதிகம் வருவது இதுதான். மலிவானதில் தொடங்குவோம்.

முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். தூசி அடைத்த சிபியு ஃபேன், மேல்பக்கம் உப்பிய கெப்பாசிட்டர் இரண்டும் கண்ணுக்கே தெரியும். 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் உப்பிய கெப்பாசிட்டர் மிகச் சாதாரணம். அது இருந்தால் ஸ்டாக் பற்றி யோசிப்பதே வீண். அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

அடுத்து மெம்டெஸ்ட்86+ ஒரு ராத்திரி முழுக்க. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நல்ல ராம் என்று முடிவு செய்யாதீர்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ராம் கெட்டதுதான்.

இரண்டும் தேறினால் கெர்னலின் ஸ்டாக் அளவைப் பாருங்கள். பூட் அடைவில் இப்போது ஓடும் கெர்னலின் கான்ஃபிக் கோப்பு இருக்கும். அதில் "4கேஸ்டாக்ஸ்" என்ற சொல்லைத் தேடுங்கள். அதற்கு நேரே "ஒய்" என்று இருந்தால் 4096 பைட், "நாட் செட்" என்றால் இல்லை. அந்தக் கோப்பு இல்லையென்றால், மாட்இன்ஃபோ கட்டளையில் ஏதாவது ஒரு மாட்யூலின் பெயரைக் கொடுத்து வெர்மேஜிக் வரியை (எந்தக் கெர்னலுக்காகக் கட்டியது என்ற குறிப்பு) படியுங்கள். 4096 பைட் கெர்னல் என்றால் கெர்னல் பதிப்பு, எஸ்எம்பி, 686 ஆகியவற்றோடு அதே சொல்லும் அந்த வரியில் இருக்கும். இதுவரை இந்தச் சோதனை என்னை ஏமாற்றியதில்லை.

யூலிமிட் கட்டளையில் தெரியும் 8192-ஐப் பார்த்துவிட்டு "எனக்கு 8கே இருக்கிறது" என்று பலர் சொல்கிறார்கள். அந்த எண் கிலோபைட் கணக்கு, அதாவது 8 எம்பி. அது நிரல் ஓடும் யூசர் பக்க ஸ்டாக். அதைக் கூட்டினாலும் குறைத்தாலும் கெர்னல் ஸ்டாக் மாறாது.

ஃபெடோரா கோர் 2, ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 4, 5, அவற்றை ஒட்டி வந்த சென்ட்ஓஎஸ் ஆகியவற்றின் 32-பிட் கெர்னல்கள் 4096 பைட்டோடு வந்தவை. ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: அந்த ஏற்பாட்டில் இன்டரப்ட்டுக்குத் தனி ஸ்டாக் இருந்தது. அன்றைய 8192 பைட் கெர்னலில் இன்டரப்ட்டும் அதே ஸ்டாக்கைத்தான் பகிர்ந்துகொண்டது. ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சரியாக இரண்டு மடங்கு இல்லை. 2010-இல் 4096 பைட் விருப்பம் நீக்கப்பட்டது. அதற்குப் பின் 8192 பைட்டும் உண்டு, தனி இன்டரப்ட் ஸ்டாக்கும் உண்டு.

இப்போது அடுக்கைக் குறைத்துச் சோதியுங்கள். இதற்குச் செலவு இல்லை, நேரம்தான்.

அதே கோப்புகளை என்.எஃப்.எஸ். இல்லாமல் உள்ளூரிலேயே நகலெடுங்கள். விழவில்லை என்றால் ஓர் அடுக்கு குறைந்ததும் தப்பித்துவிட்டது என்று பொருள். அப்போதும் விழுந்தால், எல்.வி.எம்., ரெய்டு எதுவும் இல்லாத வெறும் பார்ட்டிஷனில் ஈஎக்ஸ்டி3 போட்டு அங்கே நகலெடுத்துப் பாருங்கள். அங்கும் விழுந்தால் சந்தேகத்தை மறுபடி டிஸ்க், கேபிள், கன்ட்ரோலர் பக்கம் திருப்புங்கள். அங்கே நிலையாக நின்று, அடுக்குகளோடு மட்டும் விழுந்தால் ஸ்டாக்தான்.

2.6.28-க்குப் பிந்தைய கெர்னலில் ஸ்டாக் டிரேசர் கட்டப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. அதை இயக்கிவிட்டு நகலை ஓட்டுங்கள். டீபக் அடைவின் டிரேசிங் பகுதியில் இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்று, இதுவரை போன அதிகபட்ச ஆழத்தை ஒரே எண்ணாகச் சொல்லும். மற்றது ஆழம், அளவு, இடம் என்று மூன்று பத்தியில் ஒவ்வொரு ஃபங்ஷனும் எத்தனை பைட் எடுத்தது என்று காட்டும். ஒருமுறை 8192-க்கு 7000-ஐத் தாண்டி நின்றது. நடுப்பத்தியில் எல்லாம் 40, 64, 92 என்று சின்னச் சின்ன எண்கள், இடையில் ஒரே ஒரு வரியில் ஐந்நூறுக்கு மேல். அந்த வரி ஒரு வெளியார் டிரைவருடையது. வாதத்துக்கே இடமில்லாமல் போயிற்று.

தீர்வும் மலிவு வரிசையில்தான். 4096 பைட் கெர்னல் என்றால் 8192 பைட் கெர்னலுக்கு மாறுங்கள். 2.6.22-க்கு முந்தையது என்றால் மேலே ஏறுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த பிளாக் சாதனங்கள் ஸ்டாக்கைத் திரும்பத் திரும்பத் தின்பதை அந்தப் பதிப்பில் (2007) நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் விழுந்தால் அடுக்கில் ஒன்றைக் கைவிடுங்கள். பழைய பெட்டியில் எக்ஸ்.எஃப்.எஸ்., எல்.வி.எம்., மென்பொருள் ரெய்டு, என்.எஃப்.எஸ். நான்கையும் ஒன்றாக வைக்க வேண்டிய தேவை உண்மையில் மிகச் சிலருக்கே இருக்கிறது.

சிபியு விவரத்தில் "எல்.எம்." என்ற கொடி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது 64-பிட் சிபியு. பழக்கத்தினால் 32-பிட் போட்டு வைத்திருக்கிறார்கள். பிந்தைய பென்டியம் 4 பல அப்படித்தான். இதில் ஒரு கவனம் தேவை: 3.14 வரை 64-பிட் கெர்னலிலும் ஸ்டாக் 8192 பைட்தான், ஆனால் பாயிண்டர்கள் (நினைவக முகவரிகள்) இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். அங்கே போவதால் லாபமில்லை. 3.15-இல் (2014) அதை 16 கேபி ஆக்கினார்கள். 4.9-இல் (2016) காவல் பக்கமும் வந்தது. போவதென்றால் 4.9-க்கு மேல் போங்கள்.

அறிகுறி: விதவிதமான பிழைகள், அபத்தமான எண்கள்

*"கரப்டட் ஸ்டாக் எண்ட் டிடெக்டட் இன்சைட் ஷெட்யூலர்" என்று வந்தால்* மேற்கொண்டு சோதனை தேவையில்லை. ஸ்டாக்கின் அடியில் கெர்னல் வைக்கும் அடையாள எண் அழிந்திருக்கிறது. 3.18 முதல் இந்தச் சோதனையோடு கெர்னலைக் கட்ட முடியும்.

*"ஷெட்யூலிங் வைல் அடாமிக்" என்று வந்தால்* அதனோடு வரும் எண்ணைப் பாருங்கள். சிறிய, ஒழுங்கான எண் என்றால் பெரும்பாலும் டிரைவரில் சாதாரணப் பிழை. கன்னாபின்னாவென்று பெரிய எண் என்றால் ஸ்டாக்கின் அடியில் இருக்கும் விவரக்குறிப்பின் மேல் எதுவோ எழுதிவிட்டது.

*எதுவுமே ஒத்துவராமல் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஊப்ஸ் (கெர்னலின் பிழை அறிக்கை) வந்தால்* படங்களை வரிசையாக வைத்து எந்த புரோசஸின் பெயர் திரும்ப வருகிறது என்று பாருங்கள். ஊப்ஸ் செய்தியில் "திரெட் ஓவர்ரன் ஸ்டாக், ஆர் ஸ்டாக் கரப்டட்" என்ற வரி இருந்தால் அதுவே விடை. வேலையும் மாறி, புரோசஸும் மாறினால் மெம்டெஸ்ட்டுக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: ஒரு டிரைவரை ஏற்றிய பிறகுதான் விழுகிறது

டிரைவரை ஏற்றாமல் ஒரு நாள் ஓட்டுங்கள். விழாமல் இருந்தால் குற்றவாளி தெரிந்தாயிற்று.

என்டிஐஎஸ்ராப்பர் மூலம் விண்டோஸின் வயர்லெஸ் டிரைவரை லினக்ஸில் ஓட்டுகிறீர்கள் என்றால் காரணம் தெளிவு. 32-பிட் விண்டோஸில் கெர்னல் ஸ்டாக் 12 கேபி. அந்த டிரைவரை எழுதியவர் அதை நம்பி எழுதியிருப்பார். 4096-இல் அது நிற்காது, 8192-இலும் உறுதி இல்லை. அதே சிப்புக்கு லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சொந்த டிரைவர் உள்ள ஒரு சின்ன யூஎஸ்பி வயர்லெஸ் வாங்கிப் போட்டுவிடுங்கள். பல நாள் இரவுகளைச் செலவழிப்பதைவிட அது மலிவு.

பைனரியாக மட்டும் கிடைக்கும் கிராபிக்ஸ் டிரைவர் என்றால், உங்கள் கெர்னலின் ஸ்டாக் அளவுக்கு ஏற்ற பதிப்பா என்று அதன் ரீட்மீ கோப்பில் பாருங்கள்.

அறிகுறி: ராம் காலியாக இருக்கிறது, ஆனாலும் புதிய புரோசஸ் தொடங்க மறுக்கிறது

இது தலைகீழ்ப் பிரச்சினை. ஸ்டாக் சிறியது என்பதால் வருவதில்லை, பெரியது என்பதால் வருவது. சரியான சொற்களைப் படியுங்கள், ஏனென்றால் இரண்டு செய்திகள் இரண்டு வழிகளுக்குப் போகின்றன.

*"ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவெய்லபிள்" என்றால்* பெரும்பாலும் வரம்பு. அந்தப் பயனருக்கு எத்தனை புரோசஸ் அனுமதி என்று யூலிமிட்டில் பார்த்துக் கூட்டுங்கள். ஒரே நிரல் நிறைய த்ரெட் தொடங்கும்போது மட்டும் வந்தால், யூசர் பக்க ஸ்டாக்தான் காரணமாக இருக்கும். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் 8 எம்பி முகவரி ஒதுக்கினால், 32-பிட்டின் 3 ஜிபி 400 த்ரெட்டைத் தொடுவதற்குள் தீர்ந்துவிடும். மேலே சொன்ன யூலிமிட் எண்ணைக் குறைக்க வேண்டிய ஒரே இடம் இதுதான்.

*"கெனாட் அலோகேட் மெமரி" என்றால்,* அல்லது பதிவில் "ஆர்டர் 1" என்று அலோகேஷன் தோல்வி தெரிந்தால், கெர்னல் ஸ்டாக்குக்கு அடுத்தடுத்து இரண்டு 4 கேபி பக்கங்கள் கிடைக்கவில்லை. அதுவும் கீழ் 896 எம்பிக்குள் கிடைக்க வேண்டும். உங்களிடம் 4 ஜிபி ராம் இருந்தாலும் மீதியெல்லாம் இதற்கு உதவாது.

பிராக் அடைவில் பட்டிஇன்ஃபோ கோப்பைத் திறந்து "நார்மல்" வரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எண், தனியாக நிற்கும் பக்கங்கள். இரண்டாவது, ஜோடியாகக் கிடைப்பவை. அதற்கு மேல் நான்கு, எட்டு என்று போகும். முதல் எண் ஆயிரக்கணக்கில் இருந்து, மற்றவையெல்லாம் 0, 1, 0 என்று நின்றால் நினைவகம் துண்டு துண்டாகிவிட்டது. இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் 4096 பைட் ஸ்டாக்கையே கொண்டுவந்தார்கள். முதல் எண்ணும் குறைவு என்றால் கீழ்ப்பகுதியே தீர்ந்திருக்கிறது. மெமின்ஃபோவில் "லோஃப்ரீ" வரியில் அது தெரியும்.

உடனடி நிவாரணம், த்ரெட்டுகளைக் குவிக்கும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வது. 10,000 த்ரெட் இருந்தால் கெர்னல் ஸ்டாக்குக்கு மட்டும் கிட்டத்தட்ட 80 எம்பி போகிறது. அடுத்து வி.எம். அமைப்பில் மின் ஃப்ரீ கேபைட்ஸ் மதிப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள். நிலையான தீர்வு த்ரெட் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பது, அல்லது சிபியு இடம் கொடுத்தால் 64-பிட் கெர்னல். பழைய 32-பிட் நிரல்களை அப்படியே வைத்துக்கொண்டு கெர்னலை மட்டும் மாற்றலாம். மாற்றும் முன் பழைய கெர்னலை பூட் பட்டியலில் விட்டு வையுங்கள்.

அறிகுறி: நீங்களே கட்டிய மாட்யூல் விழ வைக்கிறது

கம்பைல் செய்தபோது வந்த எச்சரிக்கைகளைத் திரும்பப் பாருங்கள். "ஃபிரேம் சைஸ் 1024 பைட்டைவிடப் பெரியது" என்று ஒரு வரி வந்திருக்கும், யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். 32-பிட்டில் அந்த வரம்பு 1024 என்று வைத்திருப்பது காரணத்தோடுதான். ஒரே ஃபங்ஷன் மொத்த ஸ்டாக்கில் எட்டில் ஒரு பங்கை எடுக்கக் கூடாது.

எச்சரிக்கை இல்லையென்றால் கெர்னல் மூலத்தில் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் செக்ஸ்டாக் என்ற பெர்ல் நிரல் இருக்கிறது. டிஸ்அசெம்பிளி வெளியீட்டை அதற்குக் கொடுத்தால், அதிகம் தின்னும் ஃபங்ஷன்களை மேலிருந்து வரிசையாகத் தரும். முதல் ஐந்தைப் பார்த்தால் போதும். பெரும்பாலும் உள்ளே 512 அல்லது 1024 பைட் அளவில் ஒரு லோக்கல் அரே இருக்கும். அதை கே-மாலாக்குக்கு (ஸ்டாக்குக்கு வெளியே நினைவகம் வாங்கும் வழி) மாற்றுங்கள். தன்னைத் தானே அழைக்கும் ஃபங்ஷன் இருந்தால் அதைச் சுற்றாக எழுதுங்கள்.

அறிகுறி: விண்டோஸ் எக்ஸ்பியில் நீலத்திரை 7எஃப்

முதல் அளவுரு 8 என்றால் டபுள் ஃபால்ட். 12 கேபி ஸ்டாக் தீர்ந்திருக்கலாம், அல்லது வன்பொருள். இரண்டு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் ஒன்றை முழுதாக நீக்குங்கள். ஒவ்வொன்றும் ஃபைல் சிஸ்டத்தின் மேல் ஒரு ஃபில்டர் டிரைவரை அடுக்குகிறது. பேக்கப், என்கிரிப்ஷன் மென்பொருள்களும் இதையே செய்யும். நீக்கியும் வந்தால் மெம்டெஸ்ட்.

அறிகுறி: பழைய 32-பிட் ஆர்ம் பெட்டி சுமை கூடும்போது விழுகிறது

பவர் அடாப்டரை முதலில் மாற்றிப் பாருங்கள், பாதி கேஸ் அதிலேயே முடியும். அது இல்லையென்றால் கெர்னல் பதிப்பைப் பாருங்கள். 5.18 (2022) வரும் வரை 32-பிட் ஆர்மில் இன்டரப்ட்டும் த்ரெட்டும் ஒரே 8192 பைட்டைப் பகிர்ந்தன. அந்தப் பதிப்பில்தான் தனி இன்டரப்ட் ஸ்டாக்கும் காவல் பக்கமும் வந்தன. உங்கள் பெட்டிக்கு அதற்குப் பிந்தைய கெர்னல் கிடைத்தால் அதைப் போடுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆக மறுத்தால் அந்த நிமிடமே கையை எடுத்துவிடுங்கள். ரிப்பேர் கட்டளையை ஓட்டாதீர்கள். ராம் சரியில்லாத பெட்டியிலோ ஸ்டாக் வழியும் கெர்னலிலோ ரிப்பேர் ஓட்டி, இருந்ததையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஸ்க்கைக் கழற்றி, வேறு நல்ல கணினியில் முழு இமேஜ் எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். அதற்கான வசதி இல்லையென்றால் டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கெப்பாசிட்டர் மாற்றுவது சால்டரிங் பழகிய கைக்கான வேலை. பல அடுக்கு போர்டில் பழகாத கை வைத்தால் டிராக் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே வேண்டாம்.

ஒரு இயந்திரத்தோடு வந்த பெட்டி, அதன் கார்டுக்கு ஒரே ஒரு பழைய கெர்னலுக்கான பைனரி மாட்யூல் மட்டும் இருக்கிறது, அந்தக் கெர்னலோ 4096 பைட் என்றால், கெர்னலை நீங்களாக மாற்றாதீர்கள். வெர்மேஜிக் ஒத்துப்போகாமல் மாட்யூலே ஏறாது. வலுக்கட்டாயமாக ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். இயந்திரம் கொடுத்தவரையோ கெர்னல் வேலை தெரிந்தவரையோ கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் பேக்கப், என்.எஃப்.எஸ். வேலைகளை அந்தப் பெட்டியிலிருந்து எடுத்து வேறொன்றில் வைத்துவிட்டால், பல நேரம் அதுவே போதுமானதாகிவிடுகிறது.

வருபவரிடம் கொடுக்க இவற்றை எடுத்து வையுங்கள்: திரையின் படங்கள், ஓடும் கெர்னலின் பதிப்பும் வெர்மேஜிக் வரியும், கான்ஃபிக் கோப்பு, மெம்டெஸ்ட் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற குறிப்பு, டிஸ்க்கிலிருந்து என்.எஃப்.எஸ். வரை உள்ள அடுக்குகள் ஒரு தாளில் கீழிருந்து மேலாக. அந்தத் தாள் இருந்தால் வருபவரின் முதல் இரண்டு மணி நேரம் மிச்சம்.